நான் திருத்திய நான்காவது வாக்கியம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரவேணுவில் நாங்கள் குடியேறி இரண்டு வருடம் முடிந்திருந்தது. அதுவரை கோயமுத்தூரில் இருந்தோம். அங்கே ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். கணவருக்குக் கோத்தகிரிக்கு மாற்றல் வந்தது. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டு அவரோடு மலைக்கு வந்தேன்.

வந்த புதிதில் காது அடைத்த மாதிரியே இருந்தது. மலை ஏறினால் எல்லோருக்கும் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும் என்று நானும் விழுங்கிப் பார்த்தேன். அது முழுதாக விட்ட மாதிரி தெரியவில்லை. நாளாக ஆக அதை மறந்தே போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. காலையில் பனிமூட்டம் அதன்மேல் ஏறி வந்து ஜன்னல் வரைக்கும் நிற்கும். பள்ளிக்கூட மணி, பேருந்து ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி என்று வருடக்கணக்கில் கேட்டுச் சலித்தவளுக்கு அந்த அமைதி தலையணைக்குள் முகம் புதைத்த மாதிரி சுகமாக இருந்தது. கோயமுத்தூரில் இருக்கும் தங்கையிடம் போனில், "இந்த ஊர்ல குருவிச் சத்தம்கூட இல்லடி, அவ்வளவு அமைதி" என்று பெருமையாகச் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஒன்றிரண்டு விஷயங்கள் மட்டும் உறுத்தின. மூடுபனியில் நடந்து போனால் ஜீப்புகள் சத்தமே இல்லாமல் சட்டென்று பக்கத்தில் வந்து நிற்கும். ஓட்டுநர்கள் கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போவார்கள். கணவரும் மாறிப்போயிருந்தார். முன்பெல்லாம் மெதுவாகப் பேசுகிறவர், இங்கே வந்தபிறகு எதற்கெடுத்தாலும் குரலை உயர்த்தினார். இல்லையென்றால் ஒரேயடியாக மௌனம். புது அலுவலகத்தில் ஏதோ தொந்தரவு போலிருக்கிறது, கேட்டால் எரிந்து விழுவார் என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன். அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில், நடுவில் பனி வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி நாட்கள் போயின.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் அந்த வகுப்பை ஆரம்பித்தேன். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சமுதாயக் கூடத்தில், பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ். ஏழு பேர் வந்தார்கள். பெயர்கள் வேண்டாம். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

ஒருவர் பேக்கரி நடத்துகிறவர். வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டுக்குப் பேர்போன கடை. வகுப்புக்கு வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் வர்க்கி கொண்டு வந்து நடுவில் பிரித்து வைத்துவிடுவார். கடைக்கு வரும் சுற்றுலாக்காரர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது அவருக்கு ஆசை.

இன்னொருவர் பக்கத்து எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். வகுப்பில் மற்றவர்கள் 'ஃபேக்டரி அக்கா' என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். அந்தத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு, இலை எப்படித் தூளாகிறது என்று ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களும் இன்டர்வியூவுக்கு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாகச் சத்தத்துக்கும் சூட்டுக்கும் நடுவில் நின்றவருக்கு, அந்த வேலை கிடைத்தால் வாழ்க்கையே மாறிவிடும். வகுப்பில் அவ்வளவு அக்கறையோடு வேறு யாரும் குறிப்பெடுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. தகரக் கூரை. நான் அன்றைக்கு எடுத்த பாடம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

"ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வருது. அதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதுன்னு சொல்லுவமுங்க" என்றார் பேக்கரிக்காரம்மா. 'புரிஞ்சுது' என்றார் இன்னொருவர்.

ஃபேக்டரி அக்கா ஏதோ சொன்னார். அவர் ஜன்னலோரம், எனக்கு இடது பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதை எனக்கு உரக்கச் சொன்னார்: "வெளங்குச்சுன்னு சொல்லுவாங்களாம் டீச்சர், அவங்க அம்மா."

ஆங்கிலத்தில் இதை நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று பலகையில் எழுதினேன். தேடாமலே கண்ணிலோ காதிலோ தானாகப் பட்டால் அது 'நோட்டீஸ்'. சந்தேகப்பட்டு, விசாரித்து, சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டால் 'ஃபைண்ட் அவுட்'. கிடைத்த துண்டுகளை வைத்து மண்டையைக் குடைந்து விடை கண்டுபிடித்தால் 'ஃபிகர் அவுட்'. ரொம்ப நாளாக முன்னாலேயே இருந்த ஒன்று ஒரு நொடியில் மனசுக்குள் இறங்கினால் 'ரியலைஸ்'. நாலுக்கும் தலா ஒரு வாக்கியம், சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

பிறகு இன்டர்வியூ பயிற்சி. நான் தொழிற்சாலை மேனேஜர். ஃபேக்டரி அக்கா எழுந்து நிற்கிறார். என் கேள்வி, இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்பது.

அவர் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டேன். தலையைக் குனிந்தபடி நின்றார். மூன்றாவது முறை கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். அதைத் திமிர் என்று நினைத்தேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"வாயைத் திறக்கறதுக்கே இவ்வளவு கஷ்டம்னா அங்க போய் என்ன பண்ணப் போறீங்க? விருப்பமில்லைன்னா எதுக்கு இங்க வந்து எல்லாரோட நேரத்தையும் வீணாக்கறீங்க? இந்த லட்சணத்துல இன்டர்வியூவுக்குப் போகாம இருக்கறதே மேல்."

மற்ற ஆறு பேரும் என்னைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபேக்டரி அக்கா உட்கார்ந்தார். நோட்டை மூடினார். வகுப்பு முடிந்ததும் குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. கூடத்துக்குள் நுழைந்தால் பெஞ்சுகள் இடம் மாறியிருந்தன. வரிசையாக இருந்ததை அரைவட்டமாக, என் மேசைக்கு நேர் எதிரே நெருக்கிப் போட்டிருந்தார்கள்.

"ஏன் இப்படி?" என்றேன்.

"ஜன்னலோரம் ரொம்பக் குளுருதுங்க டீச்சர்" என்றார் பேக்கரிக்காரம்மா. அன்றைக்கு வகுப்பு என்னவோ வழக்கத்தைவிட நன்றாகப் போன மாதிரி இருந்தது. எல்லோரும் தெளிவாகப் பேசினார்கள். போன வாரம் நான் போட்ட போடு வேலை செய்கிறது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கிளம்பும்போது பேக்கரிக்காரம்மா இரண்டு நோட்டுகளைக் கொடுத்தார். ஒன்று அவருடையது. மற்றது ஃபேக்டரி அக்காவுடையது. "எழுதி முடிச்சு வெச்சிருந்தாங்க. குடுக்க மாட்டேன்னாங்க. நாந்தான் புடுங்கிட்டு வந்தனுங்க. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாப் படிங்க டீச்சர்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. காலையிலிருந்தே பனிமூட்டம் வீட்டைச் சுற்றி நின்றது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடி ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு டம்ளர் டீயும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தேன். மற்றவர்களுடைய நோட்டுகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக ஃபேக்டரி அக்காவின் நோட்டைத் திறந்தேன். உருண்டை உருண்டையான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து.

முதல் வாக்கியம். "ஐ நோட்டீஸ் டீச்சர் சீ அவர் மவுத்." நடந்து முடிந்தது அல்லவா, இறந்தகாலம் வேண்டும். 'நோட்டீஸ்டு' என்று திருத்தினேன். 'சீ' தவறு, 'லுக்கிங் அட்' என்று மேலே எழுதினேன்.

இரண்டாவது. "ஐ ஃபைண்ட் அவுட். ஐ கால் லெஃப்ட் சைடு, டீச்சர் நோ டர்ன். ஐ கால் ரைட் சைடு, டீச்சர் டர்ன்." 'நோ டர்ன்' என்று ஆங்கிலத்தில் கிடையாது. அடித்துவிட்டு, 'டிட் நாட் டர்ன்' என்று எழுதினேன்.

மூன்றாவது. "ஐ ஃபிகர் அவுட். மை மதர் சேம் ஸ்மைல்." வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

நான்காவது. "ஐ ரியலைஸ் டீச்சர் நாட் ஆங்ரி. டீச்சர் டோண்ட் நோ." 'டோண்ட்' என்பதை 'டஸண்ட்' ஆக்கினேன். இதையெல்லாம் எத்தனை முறை சொல்லிக் கொடுப்பது என்று அலுத்துக்கொண்டேன். கீழே பத்துக்கு ஐந்து என்று மதிப்பெண் போட்டுவிட்டு, திருத்தியது சரியாக இருக்கிறதா என்று பழக்கத்தில் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

டீச்சர் டஸண்ட் நோ.

இப்போது அதில் ஒரு தவறும் இல்லை. டீச்சருக்குத் தெரியாது.

பேனாவை வைத்துவிட்டேன். என்ன தெரியாது? மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். டீச்சர் எங்கள் வாயையே பார்க்கிறார். இடது பக்கம் கூப்பிட்டால் திரும்புவதில்லை. என் அம்மாவிடம் இருக்கும் அதே சிரிப்பு. கோபமில்லை, அவருக்குத் தெரியாது. நான் நாலு வரியையும் இலக்கணமாகப் பார்த்தேனே தவிர, அவை யாரைப் பற்றியவை என்று பார்க்கவே இல்லை. டீ ஆறிப் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. அது எப்போதும் போல ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. இரண்டு வருடமாக நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த நிமிடத்தில் வேறு ஏதோவாக மாறிப்போனது.

கணவர் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய்க் கூப்பிட்டேன்.

"ஏங்க, ஒரு உதவி பண்ணுங்க. நான் ஜன்னல் பக்கம் பார்த்து நிக்கறேன். நீங்க எனக்குப் பின்னால, இடது பக்கமா நின்னு, எப்பவும் பேசற மாதிரி ஏதாவது பேசுங்க. சத்தமாப் பேச வேண்டாம்."

எதற்கு என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். ஜன்னலைப் பார்த்து நின்றேன். பனி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. என்ன பேசுவதென்று யோசிக்கிறார் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பொறுமையிழந்து, "ஆரம்பிங்க" என்று திரும்பினேன்.

அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கண்கள் கலங்கியிருந்தன. நான் திரும்பியதும் நிறுத்திவிட்டார்.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"நீ திரும்பி நின்ன உடனே" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

அவர் என் முகத்துக்கு நேராக வந்து நின்று சொன்னார். "உன் வேலையை விட வெச்சு இந்த மலைக்கு இழுத்துட்டு வந்தது தப்புன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிருன்னு சொன்னேன். இதுக்கு முன்னாலயும் ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கேன். நீ பாத்திரம் கழுவிட்டு இருப்பே. பதிலே சொல்ல மாட்டே. சத்தமாச் சொன்னா, ஏன் கத்தறீங்கன்னு மூஞ்சியத் திருப்பிக்குவே. உனக்கு என்மேல கோபம் ஆறவே இல்லைன்னு நினைச்சுட்டேன்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. என்மேல் எரிந்து விழுகிறார் என்று நான் நினைத்த மனிதர், இரண்டு வருடமாக என் இடது காதுக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரிடம் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை மதியம் தொழிற்சாலைக்குப் போனேன். வாசலில் ஃபேக்டரி அக்காவின் பேரைச் சொன்னதும், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நிற்கும் மாடத்துக்கு அழைத்துப் போனார்கள். கீழே பெரிய கூடம். வரிசையாக உருளைகள் சுழன்றன. பச்சை இலை நசுங்கி வரும் வாசனை சூடாக மேலே ஏறி வந்தது. சத்தம் எனக்குக் காதில் கேட்டதைவிடக் காலில்தான் அதிகம் கேட்டது. தரை அதிர்ந்தது, பிடித்திருந்த கம்பி அதிர்ந்தது. தூள் பறக்கும் அந்த மங்கலான வெளிச்சத்தில் நாலைந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்கிறாள், தூரத்தில் இன்னொருத்தி சிரிக்கிறாள். மூன்றாமவள் கையை ஆட்டி மறுக்கிறாள். யாரும் யாரிடமும் நெருங்கிப் போகவில்லை, கத்தவும் இல்லை. உதட்டையும் முகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு வம்பளந்துகொண்டிருந்தார்கள். கனவில் மனிதர்கள் பேசிக்கொள்வதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அவர்களில் ஒருவர் ஃபேக்டரி அக்கா. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேலையைப் பக்கத்துப் பெண்ணிடம் காட்டிவிட்டு மாடத்துக்கு நேர் கீழே வந்து நின்றார். எங்களுக்கு நடுவே ஓர் ஆள் உயரம் இடைவெளி, அந்தப் பேரிரைச்சல். நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அவர் கத்தினாலும் எனக்குக் கேட்காது.

குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, 'மன்னிச்சிருங்க' என்றேன்.

அவர் தலையைச் சாய்த்து என் வாயைப் பார்த்தார். பிறகு அவரும் சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'சாப்டீங்களா டீச்சர்?'

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அவர் 'பத்து நிமிஷம்' என்று விரல்களைக் காட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தவரோடு தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் நடந்தேன். அவர் தானாகவே எனக்கு வலது பக்கம் வந்து நடந்தார்.

"அன்னிக்கு நீங்க பதில் சொன்னீங்களா?" என்றேன்.

"மூணு தடவையும் சொன்னேன் டீச்சர். வீட்டுல மனப்பாடம் பண்ணிட்டு வந்த பதில். மூணாவது தடவை நல்லா சத்தமாவே சொன்னேன். மழைச் சத்தம் வேற."

"அப்பவே எனக்குக் காது கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"முன்னாடியே ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பார்த்திருக்கேன். ஆனா எல்லாருக்கும் முன்னாடி எப்படி டீச்சர் சொல்றது? உங்களுக்கே தெரியாதுங்கறதும் எனக்கு அப்போ வெளங்கல. எங்க அம்மா இதே ஃபேக்டரியில முப்பது வருஷம் இருந்தாங்க. காது போனது ரொம்ப நாள் அவங்களுக்கே தெரியாது. எது கேட்டாலும் ஒரு சிரிப்பு சிரிச்சுத் தலையாட்டுவாங்க. நீங்களும் ஒவ்வொரு வாரமும் எங்களைப் பார்த்து அதே மாதிரிதான் சிரிப்பீங்க. வீட்டுக்குப் போயி அழுதேன். அழுதுட்டு இருக்கறப்பதான் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. அப்புறம் உங்கமேல வருத்தமே இல்ல. நேர்ல சொல்ல வாய் வரல. அதான் நோட்டுல எழுதினேன்."

"அதுக்கு நான் அஞ்சு மார்க் போட்டேன்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பெஞ்சுகளை மாற்றிப் போடச் சொன்னதும் அவர்தான் என்று அப்போது தெரிந்தது. வகுப்பை விட்டு விலகிவிடுவது என்று முடிவு செய்த பிறகும், மற்ற ஆறு பேருடைய வாயும் எனக்குத் தெரிகிற மாதிரி அவர்களை உட்கார வைக்கும்படி பேக்கரிக்காரம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இன்டர்வியூவுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. போவதில்லை என்று முடிவெடுத்து வைத்திருந்தார். நான் சொன்ன வார்த்தைதான் காரணம். அதை ஒப்புக்கொண்டு கெஞ்சினேன். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், நேருக்கு நேர் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தேன். அவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நானும் சிரிப்பேன். அந்த அறையில் யார் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று ஃபேக்டரி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி முடித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் என்னால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. முந்தைய வாரமும் அவருக்கு வகுப்பு சரியாக நடந்திருந்தால் என்ற நினைப்பு விடவே இல்லை. அவர்தான், "விடுங்க டீச்சர், அடுத்த தடவை பார்ப்போம்" என்றார்.

பிறகு டாக்டரிடம் போனோம். குன்னூரில் காது பரிசோதனை செய்யும் இடத்தில் பெட்டி மாதிரி ஒரு சிறிய அறை. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். அதற்குள் பாதிச் சோதனை முடிந்துவிட்டிருந்தது. இடது காது சில வருடங்களாகவே மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது, பெரும்பகுதி போய்விட்டது, வலது காதும் குறைய ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போனது திரும்பாது, கருவி மாட்டிக்கொள்ளலாம். "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. யார் முதல்ல கவனிச்சது? வீட்டுக்காரரா?" என்று கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். என் மாணவி என்று சொன்னேன்.

கருவி மாட்டிய முதல் நாள் காலையில் வீட்டுக்கு வெளியே வந்து நின்றவள் திகைத்துப் போனேன். தேயிலைச் சரிவு முழுக்கப் பறவைகள். ஒன்றல்ல, பத்தல்ல. விசில் அடிப்பவை, அதட்டுபவை, ஒன்றையொன்று கேள்வி கேட்பவை. எங்கேயோ தண்ணீர் ஓடுகிறது. பனி சொட்டுச் சொட்டாகக் கூரை விளிம்பிலிருந்து விழுகிறது. பின்னால் கணவர் மெதுவாக, அந்தப் பழைய குரலில், "காபி ஆறுது" என்றார். எனக்குக் கேட்டது. "வர்றேங்க" என்றேன். நான் பதில் சொன்னதைக் கேட்டு அவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்த கோடை சீசனில் கூட்டம் அதிகமாகி, தொழிற்சாலையில் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. இந்த முறை ஃபேக்டரி அக்காவை எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை சுற்றுலாக்காரர்களோடு கூட்டமாக நின்று அவர் பேசுவதைக் கேட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் இலக்கணம் தவறியது. என் மனசு தானாகத் திருத்தப் போனது. அதை அடக்கிக்கொண்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கவனித்தேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு முதியவரிடம் அவர் சட்டென்று போய், அவருடைய இன்னொரு பக்கத்தில் நின்றுகொண்டு அதே விஷயத்தை மறுபடி சொன்னார். அந்த முதியவர் முகம் மலர்ந்தது. கூடவே வந்த குடும்பம் எதையும் கவனிக்கவில்லை.

என் வகுப்பு இன்றும் நடக்கிறது. அந்த நாலு வினைச்சொற்களையும் ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுக்கிறேன். நோட்டுகளை வாங்கியதும் பேனாவைத் தொடாமல் முதலில் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுகிறேன். யாராவது எனக்குப் பதில் சொல்லாமல் நின்றால், அவர்களுக்குப் பேசத் தெரியவில்லை, பேசப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவர்கள் சொல்லி முடித்துவிட்டார்களோ, எனக்குத்தான் எட்டவில்லையோ என்று ஓரடி நெருங்கிப் போய் நிற்கிறேன். அந்த ஓரடியை நான் முன்பே எடுத்து வைத்திருந்தால் எத்தனை பேருடைய வார்த்தைகள் எனக்குக் கிடைத்திருக்கும் என்ற கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.